துண்டு வெட்டின பிறகு எங்கே? தலையில் அடிபட்டவருக்கு வீடா, ராகமையா, இந்தியாவா

இந்த மாதம் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கொடிகாமத்தில் ஒரு அக்கா. கணவர் பனையால் விழுந்து தலையில் அடிபட்டு ஐந்து கிழமை வாட்டில் கிடந்தவர், நாளைக்குத் துண்டு வெட்டி வாட்டை விட்டு அனுப்பப்போகிறார்கள், வீட்டுக்குக் கொண்டுபோவதா ராகமைப் புனர்வாழ்வு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா என்று தெரியாமல் அழுகிறார். மானிப்பாயில் ஒரு தம்பி. அப்பாவை ஓட்டோ இடித்தது, லண்டன் சித்தப்பா ஒவ்வொரு இரவும் போன் எடுத்து "காசை யோசியாதை, இந்தியாவுக்கு ஏத்து" என்கிறாராம். மூன்றாவது ஒரு பெண், அடிபட்டது அவருக்கே. நடக்கிறார், கதைக்கிறார், பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது, ஆனால் வேலைக்குத் திரும்பிப் போன இரண்டாம் நாள் மத்தியானமே தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மூவருக்கும் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன் என் தம்பிக்கு 34 வயதில் மோட்டார் சைக்கிள் விபத்து. அவனை வீட்டில் வைத்தும் பார்த்தோம், தெற்கில் ஒரு புனர்வாழ்வு ஆஸ்பத்திரியில் எட்டுக் கிழமை வைத்தும் பார்த்தோம். பெரியம்மாவின் மகனுக்கு இதே மாதிரி நடந்தபோது அவனோடு இந்தியாவில் ஆறு கிழமை நின்றவளும் நான்தான். மூன்று வழியிலும் பிழை விட்டிருக்கிறோம். அதில் பெரிய பிழை, எந்த ஆஸ்பத்திரி திறம் என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் விசாரித்துக்கொண்டு, தம்பிக்கு இன்றைக்கு எது முடியவில்லை என்பதை ஒருவரும் இருந்து எழுதிப் பார்க்காததுதான்.

## எவ்வளவு அடி, எவ்வளவு காலம்

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஜி.சி.எஸ். என்று ஒரு எண் இருக்கும். கண் திறக்கிறாரா, கதைக்கிறாரா, சொன்னபடி கையைக் காலை அசைக்கிறாரா என்று பார்த்து 3 தொடக்கம் 15 வரை போடுவார்கள். 13ம் அதற்கு மேலும் என்றால் லேசான அடி, 9 தொடக்கம் 12 வரை நடுத்தரம், 8ம் அதற்குக் கீழும் கடுமை. ஆனால் வீட்டுக்காரருக்கு இதைவிட உதவுகிற கணக்கு ஒன்று உண்டு. நேற்று யார் வந்தது, காலையில் என்ன சாப்பிட்டது என்று அவரால் மறுபடி ஞாபகம் வைத்திருக்க எத்தனை நாள் எடுத்தது? கண் விழித்த நாளைக் கணக்கில் எடுக்காதீர்கள், ஞாபகம் நிற்கத் தொடங்கிய நாளை எடுங்கள். அது ஒரு கிழமையைத் தாண்டினால் கடுமையான அடி என்றே எண்ணி, மாதக்கணக்குக்கு ஆயத்தமாகுங்கள்.

முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதனால்தான் இந்தக் காலத்தில் பயிற்சி கிடைக்கிற இடம் முக்கியம். ஆனால் "ஆறு மாசத்துக்குள்ள வராட்டி இனி வராது" என்று ஊரில் சொல்வது பிழை, இரண்டு வருஷம் வரைக்கும், அதற்குப் பிறகும் கூட, மெல்ல மெல்ல வரும். தம்பி மூன்றாம் வருஷத்தில்தான் சந்தையில் மிச்சக்காசு எண்ணி வாங்கத் தொடங்கினான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, நான் மேலே சொன்னதுதான்: இன்றைக்கு எது முடியவில்லை. ஒரு கொப்பியை எடுத்து எழுதுங்கள். விழுங்குவது, கட்டிலில் புரள்வது, எழுந்து நிற்பது, சலம் மலம் சொல்வது, கதைப்பது, கதைப்பதை விளங்குவது, ஞாபகம், கோபம், நித்திரை, களைப்பு. நடக்க முடியாதவருக்குப் பொருந்துகிற இடமும், ஓடியாடித் திரிந்துகொண்டு அடுப்பை நூர்க்க மறக்கிறவருக்குப் பொருந்துகிற இடமும் ஒன்றாக இராது. எங்கள் சனம் கைகாலைத்தான் பார்க்கிறது. கை அசைந்துவிட்டால் சுகம் வந்துவிட்டது என்று நேர்த்திக்கடன் வைக்கப் போய்விடுவோம். நெற்றிப் பக்கத்து மூளையில் அடிபட்டவருக்கு திட்டமிடுவது, பொறுமை, வெட்கம், தொடங்கின வேலையை முடிப்பது எல்லாம் குழம்பும். அதோடு, தனக்கு ஏதும் குறை இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அது அடம் இல்லை, அந்த உணர்வைத் தருகிற மூளைப் பகுதியே பழுதாகியிருக்கிறது. தம்பி இரண்டு மாதம் ஒவ்வொரு நாளும் "எனக்கு ஒண்டுமில்லை அக்கா, மோட்டார் சைக்கிள் திறப்பைத் தா" என்று கேட்டான். நான் அதை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தேன்.

இரண்டாவது, யார் நிற்பது. பகலில் யார், இரவில் யார், மூன்றாம் மாதம் யார். பெயர் போட்டு எழுதுங்கள். "எல்லாரும் இருக்கிறம்தானே" என்றால் கடைசியில் மனைவி ஒருத்திதான், இல்லாவிட்டால் அம்மா ஒருத்திதான்.

மூன்றாவது, பயிற்சி உண்மையில் எத்தனை மணித்தியாலம். ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்காமல், கிழமைக்கு எத்தனை தரம் பிசியோதெரபி, ஒக்கியூபேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறாரா, ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஒக்கியூபேஷனல் தெரபி என்பது குளிப்பது, உடுப்பது, சமைப்பது, காசு எண்ணுவது மாதிரி அன்றாடக் காரியங்களைத் திரும்பப் பழக்குவது. பிசியோவைத் தெரிந்த அளவுக்கு இதை எங்களில் பலருக்குத் தெரியாது, ஆனால் தம்பிக்குக் கடைசியில் கூடுதலாக உதவியது இதுதான்.

நான்காவது மொழி. இதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். ஐந்தாவது காசு. ஆஸ்பத்திரிக் கட்டணம் அதில் ஒரு பங்குதான், நின்றுபோகிற உழைப்பையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கடைசியாக, அங்கே பழகினது உங்கள் வீட்டுக் கிணற்றடியிலும் குசினியிலும் கைகொடுக்குமா என்பது.

## வீட்டில் வைத்து, கிளினிக்குக்குக் கொண்டுபோவது

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான், எந்த வழியில் போனாலும் கடைசியில் வந்து சேர்வதும் இங்கேதான். யாழ் போதனா வைத்தியசாலையில் கிளினிக், பிசியோ எல்லாம் இலவசம். வடமராட்சியிலோ தென்மராட்சியிலோ இருந்து ஒவ்வொரு முறையும் பட்டணத்துக்கு ஓட்டோ பிடிப்பவர்கள், பருத்தித்துறை, சாவகச்சேரி, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைகளில் உங்களுக்குக் கிட்டவுள்ளதில் பயிற்சியைத் தொடர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், கேட்காதவரைக்கும் ஒருவரும் மாற்றித் தரமாட்டார்கள்.

இதில் உள்ள பெரிய நன்மை, பழகின இடம், பழகின மணம், பழகின குரல். ஞாபகம் குழம்பினவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆஸ்பத்திரியில் இரவில் கட்டிலால் இறங்கி ஓடப் பார்த்த தம்பி, வீட்டுக்கு வந்த அன்றிரவு நாயின் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பேசாமல் படுத்தான். வேலையையும் உண்மையான இடத்திலேயே பழக்கலாம். கேத்திலில் தண்ணீர் பிடி, அடுப்பில் வை, அடுப்பைப் பற்ற வை, கொதித்ததும் நூர், தேயிலை போடு, சீனி போடு, வடி என்று ஏழு வரி எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினேன். முதல் கிழமை தண்ணீர் பிடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமல் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றான், அவன் பாட்டுக்கு, பத்து நிமிஷம். நான் போய் மூன்றாம் வரியில் விரலை வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. நாலு மாதம் எடுத்தது. இப்போது அந்தக் காகிதம் இல்லை, பின்னேரம் தேத்தண்ணி அவன்தான்.

மறைந்திருக்கிற செலவு என்ன என்றால், முதலில் அம்மாவின் முதுகு. ஒருபக்கம் அசையாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இரவிலும்தான், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். தூக்கும்போது பலமில்லாத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு விலகிவிடும். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, நாங்கள் இழுத்தோம், அவனுடைய வலது தோள் இன்றைக்கும் மழைக்கு நோகிறது. பாதம் கீழே தொங்கி இறுகிப்போகாமல் தினம் அசைத்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது சனம். பார்க்க வருகிறவர்கள் நெஸ்டமோல்ட் பேணியோடு வந்து கட்டிலைச் சுற்றி இருந்துகொண்டு "என்னைத் தெரியுதோ, நான் ஆர் சொல்லு பாப்பம்" என்று சோதனை வைப்பார்கள். அடிபட்ட மூளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு குரலைப் பிரித்துக் கேட்பதே பெரிய வேலை. அரை மணித்தியாலம் கதைத்தால் மூன்று மணித்தியாலம் படுப்பான். திருவிழா லவுட்ஸ்பீக்கர் நாட்களில் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கி எறிந்திருக்கிறான். பின்னேரம் ஐந்து மணி தொடக்கம் ஆறு மணிவரை, ஒரு நேரத்தில் இரண்டு பேர் மட்டும் என்று படலையில் எழுதிப் போட்டேன். மாமி இரண்டு மாதம் கோபம். பரவாயில்லை.

மூன்றாவது, பாசத்தில் எல்லாவற்றையும் நாங்களே செய்து கொடுப்பது. அம்மா தீத்திக்கொண்டிருந்த காலம் முழுக்க அவன் கரண்டியைப் பிடிக்கப் பழகவில்லை.

இன்னும் ஒன்று, இதை எழுதாமல் விட முடியாது. தலையில் அடிபட்ட சிலருக்கு மணம் தெரியாமல் போகும். தம்பிக்குப் போனதை நாங்கள் அறிந்தது, பழுதாகிப்போன மீன்குழம்பை அவன் ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தபோது. காஸ் கசிந்தாலும் அவருக்குத் தெரியாது. வீட்டில் தனியே விட முன் ஒரு சவர்க்காரக் கட்டியை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக் கேட்டுப் பாருங்கள்.

வீடு சரியான தெரிவாவது, ஆபத்துக் கட்டம் தாண்டி, வாயால் சாப்பிட்டு, ஒருவர் பிடித்தால் எழுந்து நிற்கிற நிலையில். மூன்றாவதாகக் கேட்ட அந்தப் பெண்ணைப் போல் உடம்பு நன்றாக இருந்து களைப்பும் மறதியும் மட்டும் உள்ளவருக்கும் வீடுதான். அவருக்குத் தேவை கட்டில் இல்லை, அரைநாள் வேலையும் நடுவில் இருட்டறையில் படுக்க ஒரு இடமும், இதை விளங்கிக்கொள்கிற ஒரு மேலதிகாரியும்.

## ராகம, திகன மாதிரி புனர்வாழ்வு ஆஸ்பத்திரியில் விடுவது

ராகமையில் உள்ள வாதநோய், புனர்வாழ்வு வைத்தியசாலையும் கண்டிக்குப் பக்கத்தில் திகன புனர்வாழ்வு வைத்தியசாலையும் அரசாங்கத்துடையவை. உங்கள் வாட்டு டொக்டர் கடிதம் தந்து, அங்கே கட்டில் காலியாக இருந்தால்தான் இடம். அதனால் துண்டு வெட்டுகிற நாளில் கேட்டுப் பிரயோசனமில்லை, நோயாளி கண் விழித்து ஓரளவு நிலைப்பட்ட உடனேயே கேளுங்கள். வடக்குக்குள்ளேயே புனர்வாழ்வுக் கட்டில் கிடைக்குமா என்றும் அதே மூச்சில் கேளுங்கள், கிடைத்தால் நான் இனிச் சொல்லப்போகிற கரைச்சலில் பாதி இல்லை.

இங்கே கிடைப்பது வீட்டில் எந்தக் காசுக்கும் வாங்க முடியாதது: பிசியோ, ஒக்கியூபேஷனல் தெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், டொக்டர் எல்லாரும் ஒரே ஆளை ஒரே இடத்தில் தினமும் பார்ப்பது. வீட்டில் மூன்று மாதமாக இருந்தும் நிற்காத தம்பி அங்கே போய்ப் பதினாறாம் நாள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஐந்து அடி வைத்தான். முன்னமே கொண்டுபோயிருக்கலாமே என்று அன்றைக்கு நான் வராந்தாவில் இருந்து அழுதேன்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? கட்டிலுக்குக் காசில்லை, நிற்கிற ஆளுக்குத்தான் காசு. அறை வாடகை, சாப்பாடு, ஊருக்குப் போய்வருகிற செலவு, லீவு முடிந்த பிறகு சம்பளமில்லாத லீவு. கண்டி ஏ9 வழியில் 321 கிலோமீற்றர், திகன அதற்கும் அப்பால். ராகமைக்கு ஒரு வசதி, யாழ்ப்பாணத்துப் புகையிரதப் பாதை அதனூடாகத்தான் கொழும்புக்குப் போகிறது. ஆனால் நிற்கத் தெரியாதவரை ரயிலில் ஏற்றப் பார்க்காதீர்கள், அந்த வசதி மாறி மாறி நிற்கப்போகிற உங்களுக்குத்தான். பக்கத்தில் ஆள் நிற்க விடுவார்களா, ஆண் வாட்டில் பெண் நிற்கலாமா, இரவில் எங்கே படுப்பது என்பதைப் போகமுன் போன் பண்ணிக் கேளுங்கள்.

மொழிக்கு வருகிறேன். பிசியோவுக்கு மொழி பெரிய தடை இல்லை, கையால் காட்டினால் விளங்கும். பேச்சும் ஞாபகமும் அடிபட்டவருக்குத்தான் சிக்கல். இடது மூளையில் அடிபட்டு வார்த்தை வராமல் தவிக்கிற ஒருவருக்கு, அவருக்குச் சரியாகத் தெரியாத சிங்களத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்க முடியாது. மறதியைச் சோதிக்கிற கேள்விகளையும் அவருடைய மொழியில் கேட்டால்தான் விடை அவருடைய மூளையைப் பற்றிச் சொல்லும், இல்லாவிட்டால் அவருடைய சிங்களத்தைப் பற்றித்தான் சொல்லும். நாங்கள் இருந்த இடத்தில் எல்லாரும் அன்பானவர்கள், ஒரு மிஸ்ஸி (தாதி) தம்பிக்காகவே தமிழ் எண்கள் படித்தார். ஆனாலும் கதை சம்பந்தமான பயிற்சி எட்டுக் கிழமையில் இரண்டு தரம்தான் நடந்தது. நடை முக்கியம் என்றால் மொழியைப் பார்க்காமல் போங்கள். பேச்சுத்தான் பிரச்சினை என்றால் தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் இருக்கிறாரா என்பதை முதல் கேள்வியாக வையுங்கள், இல்லை என்றால் யாழ்ப்பாணத்திலேயே தொடருங்கள்.

இன்னொரு ஏமாற்றம் வீட்டுக்கு வந்த பிறகு வரும். அங்கே உயரக் கட்டில், கைபிடிக் கம்பி, இருந்து போகிற கக்கூஸ். வீட்டில் வாசற்படி, குந்து கக்கூஸ், வழுக்குகிற கிணற்றடி. அங்கே நடந்தவன் இங்கே முதல் நாள் விழுந்தான். திரும்பி வருவதற்கு இரண்டு கிழமை முன்பே வீட்டை போனில் படம் பிடித்து ஒக்கியூபேஷனல் தெரபிஸ்டுக்குக் காட்டுங்கள், எங்கே கம்பி பொருத்துவது, எந்தப் படியை எடுப்பது என்று சொல்வார். சக்கர நாற்காலி, ஊன்றுகோல் விஷயங்களுக்கு 1987 தொடக்கம் செயற்கைக் கால் செய்துவருகிற எங்கள் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

## இந்தியாவுக்குக் கொண்டுபோவது

வெளிநாட்டுச் சொந்தங்கள் அதிகம் சொல்வது இது, பாசத்தில்தான் சொல்கிறார்கள். பலாலியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னை என்பதால் இப்போது இன்னும் சுகம் போலத் தெரிகிறது. இந்தியாவில் உண்மையில் நல்ல இடங்கள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) புனர்வாழ்வுப் பிரிவைக் கட்டியெழுப்பிய மேரி வர்கீஸ், தானே 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே டொக்டராக வேலை செய்தவர். அவருடைய முயற்சியில் 1966இல் அங்கே புனர்வாழ்வு நிலையம் திறந்தார்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மூளை நரம்பு, மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. இவற்றைச் சொல்வது, இந்தியா என்றால் கண்ணாடி மாளிகைத் தனியார் ஆஸ்பத்திரி மட்டும் என்று நினைக்காதிருக்க.

ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு வசனம் எழுத முடியாவிட்டால் போகாதீர்கள். மண்டையோட்டு எலும்பை எடுத்து வைத்திருக்கிறார்கள், திரும்பப் பொருத்துவதில் சிக்கல். மருந்துக்கு அடங்காத வலிப்பு. இங்கே சொன்னதில் உங்களுக்குச் சந்தேகம், இன்னொரு அபிப்பிராயம் வேண்டும். இப்படி ஒரு குறித்த காரணம் என்றால் சரி. "அங்க போனா சுகமாகும்" என்பது காரணம் இல்லை. மூளை ஆறுகிற வேகத்தைக் கடல் தாண்டி மாற்ற முடியாது.

மறை செலவு இங்கேதான் கூட. நோயாளிக்கு மருத்துவ விசா, கூடப் போகிறவருக்குத் தனி விசா. தலைக்குள் காற்று இருந்தாலோ எலும்பு எடுத்திருந்தாலோ விமானத்தில் ஏற்றலாமா என்று நியூரோசர்ஜனிடம் எழுத்தில் வாங்க வேண்டும். காங்கேசன்துறை நாகபட்டினம் கப்பல் மலிவாகத் தெரியும், ஆனால் ஆட்டமும் வாந்தியும் தலையில் அடிபட்டவருக்கு ஆகாது, கடல் கொந்தளிக்கிற மாதங்களில் அது ஓடுவதும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு முன்னால் லொட்ஜில் மாதக்கணக்கு வாடகை. ஒவ்வொரு நாளும் ஸ்கான், ஊசி என்று நீள்கிற பில்.

அந்த ஊசிகளைப் பற்றி நேராகச் சொல்கிறேன். நாங்கள் முதலில் போன ஒரு தனியார் இடத்தில் மூளைக்குச் சத்து என்று சொல்லி சிற்றிகோலின் என்ற மருந்துக்குக் கிழமைக்கணக்கில் காசு வாங்கினார்கள். ஊருக்கு வந்த பிறகுதான், அதே மருந்தை அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 1,213 பேரில் பாதிப்பேருக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்து, மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்த மற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாகத் தேறவில்லை என்று 2012இலேயே வெளியிட்டது எங்களுக்குத் தெரியவந்தது. அந்தக் காசில் ஒரு வருஷம் வீட்டுக்குப் பிசியோ வந்திருப்பார். ஊசிக்குக் காசு கட்ட முன் "இது என்னத்துக்கு, எடுக்காவிட்டால் என்ன நடக்கும்" என்று கேளுங்கள், உங்கள் யாழ்ப்பாணத்து டொக்டரிடமும் ஒரு தரம் கேளுங்கள்.

மொழி இங்கே அனுகூலம், முழுக்க இல்லை. பெரியம்மாவின் மகனுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் பிள்ளை ஒருவர் சாமான்களின் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். நாற்காலிப் படத்துக்கு அவன் கஷ்டப்பட்டு "கதிரை" என்றான், அவர் பிழை என்று போட்டார். சோப்புக்கு "சவர்க்காரம்", விளக்குமாற்றுக்கு "தும்புத்தடி". எட்டுப் படத்தில் மூன்று சரி என்று எழுதியிருந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு நான் விளங்கப்படுத்தினேன், அவனுடையது ஆறு சரி. அந்தப் பிள்ளை நல்லவர், அடுத்த நாள் என்னிடம் இருந்து ஐம்பது யாழ்ப்பாணச் சொல் எழுதி வாங்கினார். நான் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால்?

திரும்பி வந்த பிறகு அங்கத்தைய டொக்டர் இல்லை. எழுதித் தந்த மருந்தின் கடைப்பெயர் இங்கே கிடைக்காது, மருந்தின் உள்பெயரை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

## காசுக்கு ஆள் வைப்பது

இது தனி வழி இல்லை, வீட்டு வழிக்கு முட்டுக்கொடுப்பது. தனியார் பிசியோ கிழமைக்கு மூன்று நாள் வந்து, மீதி நாளுக்கு வீட்டாருக்குப் பழக்கிவிட்டுப் போனால் நல்ல பலன். அவர் மட்டும் செய்துவிட்டுப் போனால் பாதிக் காசு வீண். பகலில் பார்க்க ஆள் வைப்பதானால், தூக்கத் தெரிந்தவரைவிட கோபப்படும்போது குரலை உயர்த்தாதவரைத் தேடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் உதவுவதென்றால் டிக்கெட்டுக்கு அனுப்புகிற காசை இதற்கு மாதாமாதம் அனுப்பச் சொல்லுங்கள். பார்ப்பவருக்கு கிழமைக்கு ஒரு முழு நாள் விடுமுறையும் அதில் வரும். அம்மாவுக்கு அந்த ஒரு நாளை நாங்கள் இரண்டு வருஷம் கழித்துத்தான் கொடுத்தோம்.

## அப்படியென்றால் யாருக்கு எது

கொடிகாமத்து அக்காவின் கணவர் வாயால் சாப்பிடுகிறார், சொன்னதைச் செய்கிறார், ஆனால் நிற்க முடியவில்லை. இப்படிப்பட்டவருக்குத்தான் ராகமையோ திகனையோ கூடிய பலன் தரும், அதுவும் முதல் மூன்று மாதத்துக்குள். அவருடைய அண்ணனும் மகனும் மாறி மாறி நிற்கட்டும், அக்கா அந்த எட்டுக் கிழமையில் வீட்டைச் சரிப்படுத்தட்டும். கட்டில் கிடைக்கும்வரை வீட்டில் வைத்து, தோளையும் பாதத்தையும் காப்பாற்றினாலே பெரிய காரியம்.

இன்னும் மூக்கால் குழாய், தொண்டையில் துளை, அடிக்கடி காய்ச்சல் என்று இருப்பவரை எங்கேயும் அவசரமாகக் கொண்டுபோக வேண்டாம். முழு அளவான புனர்வாழ்வுப் பயிற்சியை ஏற்கிற நிலை அது இல்லை, வாட்டிலேயே இன்னும் கொஞ்சம் வைத்திருக்கக் கேளுங்கள்.

மானிப்பாய்த் தம்பியின் அப்பாவுக்கு 68 வயது, நடக்கிறார், ஆனால் மனைவியை அடிக்கக் கை ஓங்குகிறார், இரவில் படுப்பதில்லை. இந்தியா இதற்கு விடை இல்லை, புது இடம் அவரை இன்னும் குழப்பும். போதனா வைத்தியசாலையில் நரம்பியல் கிளினிக்கோடு மனநலக் கிளினிக்குக்கும் கடிதம் கேளுங்கள். மனநலம் என்ற பெயருக்கு வெட்கப்படாதீர்கள், அடிபட்ட மூளையின் கோபத்துக்கும் சோகத்துக்கும் மருந்தும் வழியும் அங்கேதான். ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். வயதானவருக்குச் சில கிழமை கழித்தும் மண்டைக்குள் மெல்ல இரத்தம் சேரலாம். கூடிக்கொண்டுபோகிற தலையிடி, வாந்தி, தூங்கி விழுவது, ஒரு பக்கம் சோர்வது, வலிப்பு, இதில் ஒன்று வந்தாலும் கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

எந்த வழி எடுத்தாலும் மாறாதவை சில. வலிப்பு மருந்தைத் தாங்களாக நிற்பாட்டக் கூடாது. சாராயம், கள்ளு வேண்டாம், அடிபட்ட மூளைக்குச் சின்ன அளவிலேயே வெறி ஏறிவிடும், வலிப்பையும் கூட்டும். டொக்டர் சொல்லும்வரை வாகனம் ஓடக் கூடாது, கிணற்றடியில் தனியே நிற்கக் கூடாது. உதவிப்பணத்துக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள், கிராம சேவையாளரின் கடிதத்தோடு போங்கள். முடிவை ஒரே தரம் எடுத்துவிட்டுக் கிடக்கவும் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கொப்பியைத் திறந்து எது மாறியிருக்கிறது என்று பார்த்து, வழியையும் மாற்றுங்கள்.

## வாட்டை விட்டு வெளிக்கிட முன்

துண்டின் இரண்டு பிரதி, ஸ்கான் சீடி, மருந்தின் உள்பெயரும் அளவும், அடுத்த கிளினிக் திகதி, வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பது. எலும்பு எடுத்திருந்தால் அது எங்கே வைத்திருக்கிறது, எப்போது பொருத்துவது, அதுவரை தலையை எப்படிப் பாதுகாப்பது என்பதும். பிறகு, கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றுவதை மிஸ்ஸியோ பிசியோவோ செய்துகாட்டுவார். பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், அவர் பக்கத்தில் நிற்க நீங்கள் ஒரு தரம் செய்துகாட்டுங்கள், இரவில் நிற்கப்போகிற ஆளும் ஒரு தரம் செய்துகாட்டட்டும்.